உப்பு விளையும் ஊரில் உப்பைக் குறைத்த கதை

போன வருடம் அப்பாவுக்கு ரத்த அழுத்தம் 160/100 என்று வந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு கடைசியாக ஒன்று சொன்னார்: "சாப்பாட்டுல உப்பைப் பாதியாக் குறைங்க."

சொல்வது சுலபம். ஆனால் எங்கள் ஊர் தூத்துக்குடி ஆயிற்றே! உப்பு உற்பத்தியில் இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. தமிழ்நாட்டு உப்பில் பெரும்பங்கு விளைவது எங்கள் மாவட்டத்தில். ஊருக்குள் வரும்போதே இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாக உப்பளம், வெள்ளை வெள்ளையாக அம்பாரம். என் ஆச்சி கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் முத்தையாபுரம் பக்கம் அளத்தில் உப்பு வாரப் போனவர். அவரிடம் போய் உப்பைக் குறைக்க வேண்டும் என்று சொன்னால் என்ன பதில் வரும்?

"அளத்துல வெந்த ஒடம்புய்யா இது. உப்பக் கொறைச்சா சோத்த எப்படித் திங்க?"

இருந்தாலும் அம்மா குறைத்தார். குழம்பில் பாதி உப்பு, ரசத்தில் பாதி உப்பு. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் அழுத்தம் பெரிதாக இறங்கவில்லை. மாத்திரையை மாற்றிப் பார்க்கலாம் என்றார் டாக்டர். எங்கே தப்பு நடக்கிறது என்று எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் புரிந்தது. அன்று சமையல் நான். (சிரிக்காதீர்கள், ஃப்ரைட் ரைஸ் எனக்கு நன்றாகவே வரும்.) அப்பாவுக்காக உப்பே போடவில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே சோயா சாஸ் பாட்டிலைக் கவிழ்த்தேன். தொட்டுக்கொள்ள நெத்திலிக் கருவாடு வறுவல். ஓரமாக எலுமிச்சை ஊறுகாய். உப்பு டப்பாவை யாரும் தொடவில்லை. ஆனால் தட்டு முழுக்க உப்பு!

அன்றைக்குத் தோன்றிய கேள்விதான் இந்தக் கட்டுரை. நம் சாப்பாட்டுக்குள் இவ்வளவு உப்பு எப்போது, எப்படி வந்தது? அதைக் குறைத்தவர்கள் யாராவது சரித்திரத்தில் இருக்கிறார்களா?

முதலில் ஒரு சின்னக் கணக்கு

உப்பு என்பது சோடியம் குளோரைடு. அழுத்தத்தை ஏற்றுவதில் முக்கியக் குற்றவாளி சோடியம். ஒரு கிராம் உப்பில் சுமார் 400 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. பெரியவர்கள் ஒரு நாளைக்கு 2 கிராம் சோடியத்துக்குக் கீழே, அதாவது 5 கிராம் உப்புக்குக் கீழே சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. காலை இட்லியிலிருந்து இரவு தோசை வரை எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும்.

நாம் சாப்பிடுவது எவ்வளவு? சென்னையில் நடந்து 2007இல் வெளியான ஓர் ஆய்வில் சராசரி 8.5 கிராம் என்று வந்தது. உலக சராசரியோ 10 கிராமுக்கும் மேல்.

இப்போது என் ஃப்ரைட் ரைஸுக்கு வருவோம். ஒரு மேசைக்கரண்டி சாதாரண சோயா சாஸில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது (பாட்டிலுக்குப் பாட்டில் கொஞ்சம் மாறும்). உப்பாகச் சொன்னால் இரண்டே கால் கிராம். நான் நாலு பேருக்கு நாலு கரண்டி ஊற்றியிருந்தேன். ஆக, அப்பாவின் ஒரு நாள் அளவில் கிட்டத்தட்டப் பாதி அந்தச் சாஸிலேயே முடிந்துவிட்டது. கருவாடும் ஊறுகாயும் தனிக் கணக்கு. தாய்லாந்து, வியட்நாம் பக்கம் ஊற்றும் மீன் சாஸ் இன்னும் மோசம். ஒரு மேசைக்கரண்டியில் மூன்றரை கிராம் உப்பு!

ருசிக்காக அல்ல, கெடாமல் இருப்பதற்காக

சங்க இலக்கியத்தில் கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல். உப்பு நெய்தலின் பொருள். அதை மாட்டுவண்டியில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய் நெல்லுக்கு மாற்றியவர்கள் உமணர்கள். உப்பு ஒன்று அளவாக இருக்க வேண்டும் என்பதும் அன்றே தெரிந்திருக்கிறது. ஊடலுக்கு உப்பை உவமை சொன்ன வள்ளுவர், அது கொஞ்சம் கூடினாலும் கெட்டுவிடும் என்கிறார் (குறள் 1302). ரத்த அழுத்தம் அளக்கும் கருவி இல்லாத காலத்து எச்சரிக்கை!

ஆனால் பழங்கால மனிதனுக்கு உப்பு முக்கியமாகத் தேவைப்பட்டது நாக்குக்காக மட்டும் அல்ல. பிடித்த மீன் சாயங்காலத்துக்குள் நாறிவிடும். ஐஸ் கிடையாது. உப்பு மீனிலுள்ள நீரை இழுத்துவிடுகிறது. நீர் இல்லாத இடத்தில் கிருமிகள் பெருக முடிவதில்லை. இந்த ஒரே உண்மையை வைத்து உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான வருடங்கள் சமையல் நடந்திருக்கிறது. நாம் கருவாடு போட்டோம். ரோமானியர்கள் மீனையும் அதன் குடலையும் உப்போடு ஜாடியில் அடைத்து வெயிலில் நொதிக்கவைத்து, வடியும் சாற்றை எல்லாவற்றிலும் ஊற்றினார்கள். அதன் பெயர் காரும். (பெயர்தான் காரம் மாதிரி, விஷயம் சுத்த உப்பு.) அந்தச் சாறு தமிழ்க் கடற்கரைக்கே வந்திருக்கிறது! புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் தோண்டி எடுத்த ரோமானிய ஜாடித் துண்டுகளில் சில, மீன் சாறு ஏற்றி வந்தவை என்று ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

சீனர்கள் மீனோடு நிற்காமல் சோயா மொச்சையையும் உப்பு நீரில் நொதிக்கவைத்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் சோயா சாஸ். அதில் உப்பு சுமார் 16 சதவீதம். இது தற்செயல் இல்லை. மாதக்கணக்கில் ஜாடியில் ஊறும் பண்டம் அழுகாமல் இருக்க அவ்வளவு உப்பு வேண்டும். இன்னொரு வேடிக்கை: நாம் சமோசாவுக்குத் தொட்டுக்கொள்ளும் கெச்சப்பின் பெயர், தென்சீனத்து ஹொக்கியன் மொழியில் மீன் சாஸைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். தக்காளி பிற்பாடு வந்து சேர்ந்த விருந்தாளி.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்தச் சாஸ்களும் கருவாடும் ஊறுகாயும் பழங்காலத்து ஃபிரிட்ஜ்கள். அவற்றில் உள்ள உப்பு பண்டத்தைக் காப்பாற்றுவதற்கு உள்ள அளவு, ஒரு மனிதன் ஒரு வேளைக்குச் சாப்பிடுவதற்கு உள்ள அளவு அல்ல. பழைய ஆட்கள் ஒரு துண்டு கருவாட்டை வைத்து ஒரு சட்டி கஞ்சியைக் குடித்தார்கள். நாமோ கருவாட்டுக் குழம்பு, அதற்குத் தனியாக உப்பு, கூட அப்பளம் என்று போய்க்கொண்டிருக்கிறோம்.

வரி போட்ட உப்பு

"உப்பு மலிவாச்சே" என்று தோன்றும். எப்போதும் அப்படி இல்லை. 1805இல் சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. கடற்கரையில் தானாக விளைந்து கிடந்த உப்பை அள்ளினாலும் குற்றம். உப்பு விலை ஏறியதும் முதலில் அடிபட்டவர்கள் மீனவர்கள். மீனைப் பதப்படுத்த மூட்டை மூட்டையாக உப்பு வேண்டுமே! வரி கட்டிய உப்பை வாங்க முடியாமல் பலரும் உவர் மண்ணை மீனில் பூசிக் காயவைத்தார்கள். இந்திய மீன்வளத்தைச் சுற்றிப் பார்த்து எழுதிய பிரான்சிஸ் டே என்ற அதிகாரி, 1873இல் வெளியான அறிக்கையில் உப்பு வரியால் மீன் தொழில் படும் பாட்டை எடுத்துச் சொன்னார். அதன் பிறகு மாகாணக் கடற்கரையில் அரசு மீன் பதனிடும் கொட்டகைகளைத் திறந்தது. அங்கே உப்பு குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஆனால் அதை அந்த வளாகத்துக்குள்ளேயே மீனில் போட்டுவிட வேண்டும், வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது. ஒரு கைப்பிடி உப்புக்கு அவ்வளவு காவல்!

1930 ஏப்ரல் 6இல் காந்தி தண்டியில் உப்பு அள்ளினார். அதே மாதம் 30ஆம் தேதி ராஜாஜி வேதாரண்யத்தில் அள்ளினார். 1947இல் உப்பு வரி ஒழிந்தது. ஏழையின் கஞ்சியில் உப்பு இருக்க வேண்டும் என்று சிறை போன தலைமுறை அது. அதற்கப்புறம் உப்பு மளிகைக் கடையிலேயே மலிவான சாமான் ஆயிற்று. எங்கள் ஊரில் சாக்கு மூட்டையைக் கடைக்கு வெளியிலேயே விட்டுவிட்டுப் போவார்கள், எவன் தூக்கப் போகிறான் என்று.

அப்புறம் விசைப்படகும் ஐஸ் ஆலையும் வந்தன. பிறகு வீட்டுக்கு வீடு ஃபிரிட்ஜ். உப்பு செய்துகொண்டிருந்த காவல் வேலையைக் குளிர் எடுத்துக்கொண்டது. ஆனால் நாக்கு மாறவில்லை. தேவை போய்விட்டது, பழக்கம் நின்றுவிட்டது. உப்பைக் குறைக்கும் பேச்சு எல்லாம் இந்த இடத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

மருத்துவர்கள் எப்போது கண்டுபிடித்தார்கள்?

1904இல் பாரிஸில் அம்பார்ட், போஜார்ட் என்ற இருவர் நோயாளிகளுக்கு உப்பைக் கூட்டியும் குறைத்தும் பார்த்து, அழுத்தம் அதோடு ஏறி இறங்குவதைக் கவனித்தார்கள். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1939 வாக்கில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வால்டர் கெம்ப்னர் என்ற ஜெர்மானிய மருத்துவர், கடுமையான ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஒரு பத்தியம் கொடுத்தார். என்ன பத்தியம் தெரியுமா? உப்பில்லாத சோறு, பழம், சர்க்கரை! இன்றைய மாத்திரைகள் இல்லாத காலத்தில் பலருக்கு அழுத்தம் இறங்கியது. ஆனால் அந்தச் சாப்பாட்டை எத்தனை நாள் சாப்பிட முடியும்? "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று நம் ஆட்கள் சும்மாவா சொன்னார்கள்?

1960இல் லூயிஸ் டால் என்ற அமெரிக்கர் ஐந்து ஊர் மக்களை ஒரே வரைபடத்தில் போட்டுக் காட்டினார். அலாஸ்காவின் எஸ்கிமோக்கள் ஒரு முனையில், உப்பு மிகக் குறைவு, ரத்த அழுத்த நோயும் குறைவு. மறுமுனையில் வட ஜப்பான். அங்கே ஒரு நாளைக்கு ஒருவர் சாப்பிட்ட உப்பு சுமார் 26 கிராம்! நோயும் அங்கேதான் அதிகம். ஐந்து ஊர்களை வைத்துப் போட்ட கோடு பெரிய ஆதாரம் ஆகாது என்று சண்டை நடந்தது, அது நியாயமும்கூட. பின்னால் வந்த பெரிய ஆய்வுகளில் கோடு அவ்வளவு செங்குத்தாக இல்லை. ஆனால் திசை மாறவில்லை.

வட ஜப்பானில் ஏன் அவ்வளவு உப்பு? பாதி வருடம் பனி. விளைந்ததை எல்லாம் உப்பில் போட்டு வைத்தால்தான் சாப்பாடு. மூன்று வேளையும் சோறு, உப்பில் ஊறிய காய், மிசோ சூப், சோயா சாஸ். யோசித்துப் பார்த்தால் நம் பழைய சோறு, ஊறுகாய், கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரன்! 1951 முதல் 1980 வரை ஜப்பானில் அதிக உயிரை எடுத்த நோய் பக்கவாதம்தான்.

அவர்கள் சோயா சாஸைத் தூக்கிப் போடவில்லை. அது இல்லாமல் அவர்களுக்குச் சமையலே கிடையாது. ஊர் ஊராகச் சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கு வந்து அழுத்தம் பார்த்தார்கள், சூப்பில் உப்பு எவ்வளவு என்று அளந்து சொன்னார்கள். 1960களில் உப்பு குறைந்த சோயா சாஸ் கடைக்கு வந்தது. வழக்கம் போலவே உப்பில் நொதிக்கவைத்து, தயாரான பிறகு உப்பில் பாதி வரை பிரித்து எடுத்துவிடுவார்கள். மணமும் ருசியும் நிற்கும். நொதிக்கும்போதே உப்பைக் குறைத்தால் ஜாடி கெட்டுவிடும் என்பதால் இந்தச் சுற்று வழி. இதோடு ஃபிரிட்ஜும் மாத்திரையும் சேர்ந்தன. பக்கவாதச் சாவு மடமடவென்று இறங்கியது. ஜப்பானின் இன்றைய சராசரி சுமார் 10 கிராம். இன்னும் அதிகம்தான். ஆனால் வட ஜப்பானின் 26 எங்கே, இந்த 10 எங்கே!

நம் ஊர் மாசியும் அவர்கள் ஊர் மாசியும்

ஜப்பான்காரர்களிடம் இன்னொரு ஆயுதம் இருந்தது. 1908இல் கிகுனே இகேடா என்ற வேதியியலாளர், கடற்பாசிக் குழம்பின் ருசிக்குக் காரணம் குளூட்டமேட் என்று கண்டுபிடித்தார். அதற்கு உமாமி என்று பெயர் வைத்தார். அதை உப்பாக்கி விற்றதுதான் நாம் அஜினோமோட்டோ என்று சொல்லும் பொடி. அதிலும் சோடியம் உண்டு, ஆனால் சாதாரண உப்பில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு. 1913இல் அவருடைய மாணவர் கொடாமா, அதே மாதிரி ருசி தரும் வேறொரு பொருளைக் காய்ந்த சூரை மீனிலிருந்து பிரித்தார். உமாமி நன்றாக இருந்தால் உப்பு குறைந்தாலும் நாக்கு சண்டை போடாது. இதுதான் சூட்சுமம்.

காய்ந்த சூரை மீன்! இதைப் படித்ததும் நான் எழுந்து அடுப்படிக்கே போய்விட்டேன். எங்கள் ஊர் ஆட்களுக்குப் புரிந்திருக்கும். மாசிதானே அது! சூரையைத் துண்டு போட்டு, உப்பு நீரில் வேகவைத்து, புகை போட்டு, கட்டை மாதிரி ஆகும் வரை காயவைத்தால் மாசி. 1343 வாக்கில் மாலத்தீவுக்கு வந்து அங்கே நீதிபதியாகவும் இருந்த இபின் பதூதா, அந்த ஊர் மீனைத் துண்டு போட்டு வேகவைத்து, ஓலைக் கூடையில் வைத்துப் புகை காட்டி, காய்ந்த பிறகு இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏற்றுமதி செய்கிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். மாலத்தீவில் மீன் வேகவைத்த அந்த நீரையே வற்ற வற்றக் காய்ச்சி, ரிஹாகுரு என்ற கறுப்பு விழுதும் செய்வார்கள். ஆக, நம் பக்கத்துக் கடலிலும் ஒரு மீன் சாஸ் இருந்திருக்கிறது!

மாசியிலும் உப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மாசி கெடாமல் நிற்பது பெரும்பாலும் வேகவைத்ததாலும் புகையாலும் காய்ச்சலாலும். உப்புக் கருவாட்டின் எடையிலோ பத்தில் ஒரு பங்குக்கு மேல் உப்பாகவே இருப்பது சாதாரணம். ஒரு தேக்கரண்டி மாசித் தூள், ஒரு சட்டி குழம்புக்கு மணம் கொடுத்துவிடும்.

சோயா சாஸ் தூத்துக்குடிக்கு வந்த வழி

கல்கத்தாவில் சீனர்கள் குடியேறியது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில். அவர்கள் வீட்டுச் சமையலுக்கு ஊற்றிய சாஸ் மெதுவாக ஊருக்குள் பரவியது. 1958இல் அங்கே தொடங்கிய பௌ சோங் போன்ற சீனக் குடும்பக் கம்பெனிகள் இந்திய நாக்குக்கு ஏற்றபடி பச்சை மிளகாய் சாஸ், சோயா சாஸ் என்று பாட்டிலில் போட்டன. கல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் 1975இல் பம்பாயில் சிக்கன் மஞ்சூரியனைக் கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள். அதற்கப்புறம் ஃப்ரைட் ரைஸ் தள்ளுவண்டி ஏறி எல்லா ஊருக்கும் வந்துவிட்டது. எங்கள் ஊரில் புரோட்டாக் கடைக்குப் பக்கத்திலேயே வாணலியும் தீயும் சத்தமுமாக நிற்கும்.

சீன, ஜப்பானிய வீடுகளில் சாதத்தில் உப்பு போடுவதில்லை. உப்பு முழுக்கச் சாஸிலிருந்து வர வேண்டும் என்பதுதான் அந்தச் சமையலின் கணக்கு. நாம் சோறு வடிக்கும்போதே உப்பு, அதன் மேல் சோயா சாஸ், மிளகாய் சாஸ், அஜினோமோட்டோ, கடைசியில் "கொஞ்சம் சப்புன்னு இருக்கே" என்று இன்னொரு சிட்டிகை. சாஸை இரவல் வாங்கிய நாம் அதன் கணக்கை வாங்கவில்லை.

காந்தி உப்பை விட்ட கதை

இந்த விஷயத்தைத் தேடும்போது என்னை உலுக்கியது இதுதான். உப்புக்காகத் தண்டி வரை நடந்த மனிதர், அதற்கு எத்தனையோ வருடம் முன்பே உப்பை விட்டவர்! தென்னாப்பிரிக்காவில் கஸ்தூர்பா உடம்பு முடியாமல் இருந்தபோது, உப்பையும் பருப்பையும் விடச் சொன்னார் காந்தி. உங்களுக்குச் சொன்னால் நீங்களே விடமாட்டீர்கள் என்றார் கஸ்தூர்பா. நீ விட்டாலும் விடாவிட்டாலும் நான் ஒரு வருடத்துக்கு இரண்டையும் விட்டேன் என்று காந்தி அந்த இடத்திலேயே சபதம் போட்டுவிட்டார். கஸ்தூர்பா பதறிப்போய்த் தானே விட்டுவிடுவதாகச் சொல்லி, சபதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி கெஞ்சினாராம். சத்திய சோதனையில் இதை வீட்டில் நடந்த சத்தியாக்கிரகமாக அவரே எழுதியிருக்கிறார்.

அந்தக் காலத்து மருத்துவ நம்பிக்கை வேறு, அதை இன்று பின்பற்றச் சொல்லவில்லை. என்னைப் பிடித்துக்கொண்டது வேறு விஷயம். நோயாளிக்கு மட்டும் தனிச் சட்டி வைத்தால் அது தண்டனை. வீடே சேர்ந்து குறைத்தால் அது சமையல். நாங்கள் மூன்று மாதம் செய்த தப்பு அதுதான். அப்பாவுக்குச் சப்பென்று ஒரு குழம்பு, எங்களுக்கு வழக்கமான குழம்பு. அவர் எங்கள் சட்டியிலிருந்து ஒரு கரண்டி ஊற்றிக்கொள்வதை எல்லோரும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தோம்.

மாற்று உப்பு

சோடியத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு சேர்ப்பது இன்னொரு வழி. இதில் நம் கடற்கரைக்கும் ஒரு பங்கு உண்டு. ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் உப்பளம் வைத்திருக்கும் தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உப்பை 2014 ஜூனில் மாநில அரசு மூன்று வகையாக அறிமுகப்படுத்தியது. அயோடின் உப்பு கிலோ 10 ரூபாய், இரும்பும் அயோடினும் சேர்ந்தது 14 ரூபாய், சோடியம் குறைந்தது 21 ரூபாய். விலையைக் கவனித்தீர்களா? எது தேவையோ அதுதான் இரண்டு மடங்கு.

சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் ஐந்து வருடம் நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. கால் பங்கு பொட்டாசியம் கலந்த உப்பைப் பயன்படுத்திய கிராமங்களில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் இப்படிப்பட்ட உப்பைப் பரிந்துரைத்தது. ஆனால் எச்சரிக்கை: சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இது ஆபத்து. சில அழுத்த மாத்திரைகளே உடம்பில் பொட்டாசியத்தை ஏற்றும். டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். அப்பாவின் மாத்திரை அப்படிப்பட்டது என்பதால் நாங்கள் இந்த வழிக்குப் போகவில்லை. தவிர, டப்பா உப்பை மாற்றினாலும் பாட்டிலில் இருக்கும் உப்பு மாறாது அல்லவா?

எங்கள் அடுப்படியில் நடந்தது

சரி, கடைசியில் நாங்கள் என்ன செய்தோம்?

ஒன்று, சோயா சாஸைக் கவிழ்ப்பதில்லை, கரண்டியில் அளக்கிறோம். நாலு பேருக்கு ஒன்றரை மேசைக்கரண்டி. சாதத்தில் உப்பு கிடையாது. சாஸை அடுப்பை அணைக்கப் போகும்போது ஊற்றினால் மணம் மேலே நிற்கிறது, குறைவாக இருப்பது தெரிவதில்லை. பூண்டு, வெங்காயத்தாள், மிளகு, ஒரு மூடி எலுமிச்சை என்று தாராளமாகப் போடுகிறோம். புளிப்பும் காரமும் உப்பின் இடத்தைப் பாதி நிரப்பிவிடும்.

இரண்டு, கருவாட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து மூன்று தடவை தண்ணீரை மாற்றுகிறோம். அந்தத் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட வேண்டும். குழம்பு கொதித்து, கருவாடு போட்டு, கடைசியில் ருசி பார்த்த பிறகுதான் உப்பு. பெரும்பாலும் தேவைப்படுவதே இல்லை.

மூன்று, புளிக்குழம்பில் மாசித் தூள். உப்பைப் பாதியாக்கிய அன்று யாருமே கண்டுபிடிக்கவில்லை.

நாலு, கருவாடு வைக்கும் நாளில் ஊறுகாயும் அப்பளமும் கிடையாது. ஒரு தட்டுக்கு ஒரு உப்புச் சாமான் மட்டும்.

ஐந்து, எல்லோருக்கும் ஒரே சட்டி.

முதல் மாதம் கஷ்டம்தான். பொய் சொல்லமாட்டேன். ஆனால் உப்பைத் தொடர்ந்து குறைத்தால் இரண்டு மூன்று மாதத்தில் நாக்கே மாறிக்கொள்கிறது. இப்போது கடை ஃப்ரைட் ரைஸ் எனக்குக் கரிக்கிறது. அப்பாவுக்குப் போன மாதம் 138/86. மாத்திரையும் மாற்றினோம், நடையும் ஆரம்பித்தார். எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல நான் டாக்டர் இல்லை.

அப்போ உப்பளம்?

"எல்லாரும் உப்பைக் குறைச்சா நம்ம ஊரு பொழப்பு என்னாகும்?" என்று ஆச்சி கேட்டார். நல்ல கேள்வி. விளையும் உப்பில் சாப்பாட்டுக்குப் போவது ஒரு பகுதிதான். பக்கத்தில் சாகுபுரத்தில் இருப்பது போன்ற காஸ்டிக் சோடா ஆலைகளுக்கும், மற்ற ரசாயனத் தொழில்களுக்கும், கருவாட்டுக்கும், தோல் பதனிடவும் நிறைய போகிறது. நாம் தட்டில் குறைக்கும் இரண்டு கிராமால் அளம் மூடாது.

ஆனால் ஆச்சியிடம் நான் சொல்லாத ஒன்று உண்டு. ராஜஸ்தானில் உப்பு அரைக்கும் ஆலைகளின் பக்கம் வேலை செய்தவர்களை ஆராய்ந்தபோது, காற்றில் பறக்கும் உப்புத் தூளைச் சுவாசித்தவர்களுக்கு அழுத்தம் கூடியிருந்தது. முகக்கவசமும் கண்ணாடியும் கொடுத்ததும் அது இறங்கியது. வெயிலில் கண் கூச, கால் வெடிக்க உப்பு வாருகிறவர்கள் மழைக்காலம் வந்தால் வேலையில்லாமல் நிற்பார்கள். அவர்களுக்கு மழைக்கால உதவியாக 5,000 ரூபாய் தரும் திட்டம் 2022இல்தான் வந்தது. நமக்கு உப்பு எவ்வளவு மலிவு என்று நினைக்கும்போதெல்லாம் அந்த மலிவின் விலையை யாரோ ஒருவர் கட்டிக்கொண்டிருக்கிறார் என்பது நினைவில் இருக்க வேண்டும்.

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்பார்கள். எங்கள் வீட்டில் உப்பு இட்டது ஆச்சி, தட்டிலும் சரி, அளத்திலும் சரி. போன ஞாயிறு ஆச்சிக்கும் அழுத்தம் பார்த்தோம். 150. மெஷினையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது ஊறுகாய் பாட்டிலைத் தானே கையால் தள்ளி வைத்தார்.

"ஒங்க அப்பன் திங்கிறதையே எனக்கும் வைங்க" என்றார்.